ஆரியா... அபீஸ்... கொஞ்சம் நிறுத்து!

2025 செப்டம்பர் 30. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துல கட்டிக்கிட்டிருந்த அனல்மின் நிலையத்துல, இரும்பு வளைவு ஒண்ணை அமைக்கிற வேலை நடக்குறப்போ அது சரிஞ்சு ஒன்பது பேர் செத்துப் போனாங்க. ஒன்பது பேரும் அஸ்ஸாம்லேருந்து வந்தவங்க. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டு டிவியில செய்தி ஓடிக்கிட்டிருந்தது. சில சேனல்ல "சாரம் சரிந்து"ன்னு போட்டான், சில சேனல்ல "வளைவு சரிந்து"ன்னு போட்டான். எங்க பெரியப்பா தட்டை அப்படியே வெச்சுட்டு, "இன்னா நைனா இவனுங்க, சாரம் வேற, ஸ்ட்ரக்சர் வேற. எது முதல்ல போச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறானே"ன்னார். அப்புறம் ஒண்ணும் பேசலை. சாப்பிடவும் இல்லை.

பெரியப்பா ரிக்கர். அதாவது இரும்புக் கட்டுமானத்துல பீஸைத் தூக்கி, நிறுத்தி, மாட்டுற ஆள். 90களோட ஆரம்பத்துல அத்திப்பட்டுல வடசென்னை அனல்மின் நிலையம் எழும்பினப்போ அங்க ஒரு கான்ட்ராக்டர்கிட்ட வேலை பார்த்தவர். வியாசர்பாடி ஜீவாவுல ஏறி, பேசின் பிரிட்ஜ்ல இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடிச்சுப் போவாராம். நானோ குளுகுளு ஆபீஸ்ல பொட்டி தட்டுறவன். ஆனா ஆணி புடுங்குறதா சொல்லிக்கிற நம்மளைவிட நிஜமாவே ஆணி, போல்ட், ரிவெட்டுன்னு வாழ்ந்த மனுஷன் அவர்தான். :-)

அவர்கிட்டேருந்து நான் கத்துக்கிட்ட முதல் ரெண்டு வார்த்தை ஆரியா, அபீஸ். சின்ன வயசுல "ஆரியா... ஆரியா"ன்னு அவர் கத்திக் காட்டுறப்போ, ஏதோ ஆரியர் திராவிடர் மேட்டர் போலன்னு நினைச்சேன். அது அப்படி இல்லை. ஆரியான்னா இறக்கு. அபீஸ்னா தூக்கு. துறைமுகத்துல கலாசிங்க, கப்பல்ல லஸ்கர்ங்க பேசின கலப்பு மொழியில இருந்து வந்தது. ஆரியாவுக்கு மூலம் போர்த்துகீசிய வார்த்தை. பாயை இறக்குறதுக்கு அவங்க 'ஆரியார்'னு சொல்வாங்க. அந்தச் சொல்லு கப்பலை விட்டு இறங்கி, க்ரேன்ல ஏறி, இன்னிக்கும் இந்தியா முழுக்க சைட்ல இருக்கு. அஸ்ஸாம் ஆளும் ராயபுரம் ஆளும் ஒரே கயித்தைப் பிடிக்கிறப்போ இந்த ரெண்டு வார்த்தை போதும்.

நான் ஒரு தடவை கேட்டேன், "தூக்குறதுக்கு ஒரு வார்த்தை, இறக்குறதுக்கு ஒரு வார்த்தை... நிறுத்துறதுக்கு?" அதுக்கு வார்த்தை கிடையாதாம். கையை நீட்டிக் காட்டணும், விசில் அடிக்கணும். "ஆனா அதை யாரு காட்டலாம்னுதான்டா எல்லா சண்டையும்"னார். இந்தப் பதிவே அந்த ஒரு வரியால வந்ததுதான்.

முதல்ல ஒரு விஷயம். கட்டி முடிச்ச இரும்புக் கட்டடம் வேற, பாதி கட்டின இரும்புக் கட்டடம் வேற. ட்ராயிங்ல இருக்குறது முடிஞ்ச கட்டடம். எல்லாக் கம்பியும் எல்லாக் கம்பியையும் பிடிச்சுக்கிட்டிருக்கும், கணக்கு சரியா வரும். ஆனா மூணாவது நாள் சைட்ல நிக்கிறது, நாலு தூண், ரெண்டு உத்தரம், பாதி போல்ட். அதுக்குன்னு தனியா ஒரு கணக்குப் போடணும். அந்த அரைகுறை உருவம் ஒரு நாள்தான் உயிரோட இருக்கும், அடுத்த நாள் வேற உருவம் ஆயிடும். இரும்பு சைட்டை நடத்துறதுன்னா முக்கியமா இந்த தினசரி அரைகுறையைப் பார்த்துக்கிறதுதான்.

எப்படின்னு பெரியப்பா சொல்லிக் கேக்கணும். தூண் வர்றதுக்கு முன்னாடியே அடித்தளத்துல பதிச்ச போல்ட் ஒவ்வொண்ணும் இடத்துல இருக்கான்னு அளக்கணும். அரை இஞ்ச் தள்ளி இருந்தாலும் தூணை க்ரேன்ல தொங்கவிட்டுக்கிட்டு கீழ துளையைப் பெருசாக்குற கூத்து நடக்கும். அப்புறம் யார்டு. பட்டறையில இருந்து வர்ற ஒவ்வொரு பீஸுலயும் பெயிண்ட்ல குறி இருக்கும். முதல்ல ஏத்த வேண்டியது மேல இருக்கணும், கடைசியா ஏத்துறது அடியில. (நம்மாளுங்க காலேஜ்ல படிச்ச ஸ்டாக்தான் இது. எங்க பெரியப்பா டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர் எழுதாமலே பாஸ்!) இதுல ஒரு பீஸ் தப்பா அடுக்கியிருந்தா, அதைத் தேடி எடுக்கிற அரை நாள்ல க்ரேன் வாடகை சும்மா ஓடும். அப்போதான் யாராவது ஒருத்தர் "அந்த பீஸ் இல்லாட்டி என்ன, அடுத்ததை ஏத்து"ன்னு சொல்லுவார். விபத்துக்கு விதை போடுறது பல நேரம் அந்த வாக்கியம்தான்.

ஏன்னா வரிசை மாறக்கூடாது. முதல்ல ரெண்டு தூண் ரெண்டு தூணா நிறுத்தி, நடுவுல குறுக்குக் கம்பி போட்டு ஒரு கட்டத்தை ஆடாம ஆக்கணும். அந்த ஆடாத கட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் மத்ததெல்லாம் வளரணும். குறுக்குக் கம்பி வர்ற வரைக்கும் நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து வைக்கணும். ஒரு உத்தரத்தை ஏத்தி உட்கார வெச்சா, போதுமான போல்ட் ஏறி இறுகுற வரைக்கும் ஸ்லிங்கைக் கழட்டக்கூடாது. க்ரேன் பக்கத்துல இருக்கிறப்போ தூக்குற எடையை, கையை நீட்டினா தூக்காது. அதுக்கு அட்டவணை இருக்கு, கேபின்லயே ஒட்டியிருக்கும். போதாக்குறைக்கு எண்ணூர்ல மதியத்துக்கு மேல கடல் காத்து. அகலமான பீஸ் ஒண்ணு பாய் மாதிரி திரும்பும். அதனால பெரிய லிஃப்ட் எல்லாம் காலையிலேயே முடிக்கணும்னு பெரியப்பாவோட மேஸ்திரி விடாப்பிடியா இருப்பாராம்.

அனல்மின் நிலையத்துல இன்னொரு வேடிக்கை. பெரிய பாய்லரைத் தரையில உட்கார வைக்க மாட்டாங்க, மேலேருந்து தொங்கவிடுவாங்க. சூடானா கீழ்ப்பக்கமா நீளுறதுக்கு வசதியா. அதனால முதல்ல உயரமா ஒரு இரும்புக் கூடு கட்டி, அதோட உச்சியில ராட்சச உத்தரங்களைப் போட்டு, அதுக்கப்புறம்தான் பாய்லரே வரும். அந்த உச்சி உத்தரம் ஏறுற அன்னிக்கு சைட்ல பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாரும் கப்சிப்புன்னு இருப்பாங்களாம்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். நிறுத்துன்னு யார் சொல்றதுங்கிற கேள்விக்கு உலகத்துலயே ரொம்பக் கொடூரமான பதில் கனடாவுல இருக்கு. செயின்ட் லாரன்ஸ் ஆத்து மேல க்யூபெக் பாலம். நடு ஸ்பானை முதல்ல 1600 அடின்னு திட்டம் போட்டு, 1900-ல 1800 அடியா நீட்டினாங்க. ஆனா நீட்டின பாலத்தோட சொந்த எடையைச் சரியா மறுபடி கணக்குப் போடலை. ஆலோசகர் தியோடர் கூப்பர், அமெரிக்காவுல பெரிய பேர். வயசாயிடுச்சு, உடம்பு சரியில்லை, உட்கார்ந்தது நியூயார்க்ல. சைட்ல அவருக்குக் கண்ணா இருந்தது நார்மன் மெக்ளூர்ங்கிற இளம் எஞ்சினியர். கிட்டத்தட்ட நம்ம வயசு.

1907 ஆகஸ்ட்ல பாலம் ஆத்து மேல பாதி நீட்டிக்கிட்டு நிக்குது. கீழ்ப்பக்கத்து உறுப்பு ஒண்ணு முக்கால் இஞ்ச் வளைஞ்சிருந்தது, ஒரே வாரத்துல ரெண்டேகால் இஞ்ச் ஆயிடுச்சு. மெக்ளூர் அளந்து எழுதுறார். பாலத்தைச் செஞ்ச ஃபீனிக்ஸ் கம்பெனி ஆளுங்க, அது பட்டறையில இருந்து வர்றப்பவே வளைஞ்சிருக்கும்னு சாதிக்கிறாங்க. (எங்க மெஷின்ல ஒழுங்காத்தான் ஓடுதுன்னு சொல்ற டெவலப்பரைப் பார்த்த மாதிரி இல்லை?) சைட் ஃபோர்மேன் பெஞ்சமின் யென்சர் ஆகஸ்ட் 27 அன்னிக்கு வேலையை நிறுத்தினார். மறுநாள் மனசு மாறி மறுபடி ஆரம்பிச்சார். என்னை உலுக்கினது அந்த இடம்தான். நிறுத்த வேண்டிய ஆள் சரியாத்தான் நிறுத்தினார். ஆனா நிறுத்தி வைக்கிற தைரியத்தை யாரும் அவருக்குக் கொடுக்கலை.

மெக்ளூர் ரயில் ஏறி நியூயார்க் போய் 29-ஆம் தேதி காலையில கூப்பரைப் பார்த்தார். கூப்பருக்கு விஷயம் புரிஞ்சது. மேற்கொண்டு எடை ஏத்தாதீங்கன்னு தந்தி அடிச்சார். ஆனா தந்தி போனது க்யூபெக்குக்கு இல்லை, பென்சில்வேனியாவுல இருந்த கம்பெனி ஆபீசுக்கு. அவங்க பார்த்துட்டு, சரி நாளைக்குக் காலையில பேசிக்கலாம்னு வெச்சுட்டாங்க. சாயங்காலம் வேலை முடியிற நேரத்துல பாலம் சுமார் 15 நொடியில மொத்தமா உட்கார்ந்தது. மேலே இருந்த 86 பேர்ல 75 பேர் போயிட்டாங்க, யென்சரும் அதுல ஒருத்தர். செத்தவங்கள்ல 33 பேர் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளிங்க. ஒரே ஊர்ல ஒரே நாள்ல 33 வீடு. மறுபடி கட்டினப்போ 1916-ல நடு ஸ்பானைத் தூக்குறப்போ அதுவும் விழுந்து 13 பேர் செத்தாங்க. 1917-ல ஒருவழியா முடிஞ்சது. இன்னிக்கும் அந்த வகைப் பாலத்துல உலகத்துலயே நீளமான ஸ்பான் அதுதான், 549 மீட்டர்.

1970 அக்டோபர் 15-ல மெல்போர்ன் வெஸ்ட் கேட் பாலத்துலயும் இதே கதைதான். ரெண்டு பாதி கர்டரும் உயரத்துல சுமார் நாலரை இஞ்ச் பொருந்தலை. உசந்த பக்கத்துல காங்க்ரீட் கட்டிகளை ஏத்தி அமுக்கினாங்க. தகடு புடைச்சுக்கிச்சு. புடைப்பை எடுக்கப் போல்ட்டைக் கழட்டினாங்க. 35 பேர். இதுக்கு மேல விவரம் வேண்டாம், எழுதவே கையெல்லாம் என்னவோ பண்ணுது.

க்யூபெக்குல அவங்க ரெண்டாவது பாலத்தோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்த அதே சமயத்துல நம்ம பாம்பன்ல வேலை நடந்துக்கிட்டிருந்தது. 1911-ல ஆரம்பிச்சு 1914 பிப்ரவரி 24-ல திறந்தாங்க. ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நடுவுல கப்பல் போக வாயைத் திறக்குற ஷெர்சர் ஸ்பான், இங்கிலாந்துல தார்ன்பியில இருந்த ஹெட் ரைட்சன் கம்பெனி செஞ்சது. தூக்கிறதுக்கு மோட்டார் கிடையாது, கடைசி வரைக்கும் ஆளுங்க நின்னு கையால சுத்தித்தான் திறந்தாங்க. மத்த ஸ்பானெல்லாம் சுமார் 40 அடி சின்னச் சின்ன கர்டர். பார்க்க பிரமாண்டமா இல்லைதான். ஆனா பெருசா ஒண்ணு செய்யாம சின்னதா நிறையச் செஞ்சதுதான் 50 வருஷம் கழிச்சு அந்தப் பாலத்தைக் காப்பாத்திச்சுன்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடியை அழிச்ச புயல். பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் வண்டியோட நூத்துக்கும் மேல ஆளுங்க கடல்ல போனாங்க. பாலத்துல தூண்கள் பெரும்பாலும் நின்னுது, ஷெர்சர் ஸ்பானும் நின்னுது, ஆனா நூத்துக்கும் மேல கர்டர்களைக் கடல் கொண்டு போயிடுச்சு. ரயில்வே ஆறு மாசம் கெடு வெச்சது. மேலதிகாரி அதை மூணு மாசமாக் குறைச்சார். பொறுப்பு வந்தது 32 வயசு எஞ்சினியர் இ. ஸ்ரீதரன்கிட்ட. பின்னாடி கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு பேர் வாங்கின அதே ஸ்ரீதரன்தான். 46 நாள்ல முடிச்சார். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஃபார்வர்டு மெயில்லயே நூறு தடவை வந்திருக்கும். அந்தக் கதையில எப்பவும் ஒரு ஹீரோ, ஒரு நம்பர், அவ்வளவுதான் இருக்கும். எனக்குப் பிடிச்சது நடுவுல இருக்குற ஒரு விஷயம்.

புது கர்டர் செஞ்சு கொண்டு வரணும்னா மாசக்கணக்காகும். அப்போ உள்ளூர் மீனவர்கள் வந்து, அடிச்சுக்கிட்டுப் போன கர்டர் கடல்ல கிடக்கிற இடம் தெரியும்னு சொன்னாங்க. ஸ்ரீதரன் அதைக் காதுல வாங்கினார். கடல்லேருந்து தூக்கி, திரும்ப தூண் மேல வெச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணும் அதே நீளம், அதே துளை, அதே தூணுக்குன்னே செஞ்சது. ஒரே மாதிரி சின்ன கர்டரா இருந்ததால தூக்கவும் முடிஞ்சது, எதை எங்கே வைக்கணும்னு குழப்பமும் குறைச்சல். ஒண்ணை வைக்கப் பழகின கூட்டம் அடுத்ததை இன்னும் சீக்கிரம் வைக்கும். பெரிய ஒற்றை ஸ்பானா இருந்து அது போயிருந்தா 46 நாள் சாத்தியமே இல்லை.

ஆனா என்னைக் கேட்டா அதைவிட முக்கியமானது, முடிவெடுக்கிற ஆள் தண்ணியோரத்துல நின்னார். கூப்பர் மாதிரி 400 மைல் தள்ளி இல்லை. மீனவர் சொன்ன சேதி தந்தியாகி, ஃபைலாகி, மதராஸ் போய்த் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை. மெக்ளூருக்கும் கண் இருந்தது, ஆனா அதிகாரம் ரயில் தூரத்துல இருந்தது. பாம்பன்ல ரெண்டும் ஒரே இடத்துல. அதுக்காக வேகம்தான் பெருமைன்னு நான் சொல்ல வரலை. கடல்ல இறங்கி அந்தக் கர்டர்ல கயிறு கட்டினவங்க பேர் எந்தக் கதையிலயும் இல்லைங்கிறதையும் சேர்த்துதான் சொல்றேன். ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சர் விருது கிடைச்சது.

அந்தப் பழைய பாலத்துலயே அப்புறம் நடந்த ஒரு நிறுத்தமும் இருக்கு. ஐஐடி மெட்ராஸ்காரங்க ஷெர்சர் ஸ்பான்ல சென்சார் வெச்சிருந்தாங்க. 2022 டிசம்பர் 23-ல அது அபாயம் காட்டினதும் ரயிலை நிறுத்தினாங்க, அப்புறம் விடவே இல்லை. 58 வருஷம் முன்னாடி புயல் அடிச்ச அதே தேதி வாக்குல. அளவு சரியில்லைன்னு தெரிஞ்சதும் நாளைக்குக் காலையில பேசிக்கலாம்னு யாரும் வைக்கலை. பரபரப்பே இல்லாத செய்தி, அதனாலேயே நமக்கு ஞாபகம் இல்லை.

புதுப் பாலத்தோட நடு ஸ்பான் 72.5 மீட்டர், 660 டன். செங்குத்தா மேலே எழும்புற வகை. அதை ராமேஸ்வரம் பக்கம் கோத்து, பாலத்து மேலேயே சுமார் 450 மீட்டர் நகர்த்தி இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. பாலம் அங்க வளையுது வேற. 2024 மார்ச்ல ஆரம்பிச்சது ஜூலை கடைசியிலதான் முடிஞ்சது. அந்த வீடியோவை பெரியப்பாவுக்குக் காட்டினேன். "ஒண்ணுமே நகரலையேடா"ன்னார். "அதான் பெரியப்பா விஷயம்"னேன். சிரிச்சுட்டு, "தெரியும்டா, சரியான லிஃப்ட்டுனா பாக்குறவனுக்குத் தூக்கம் வரணும்"னார். நவம்பர்ல ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து, திட்டமிடல்லயும் துரு விஷயத்துலயும் கடுமையா குறை எழுதி, வேகத்தை மணிக்கு 75 கிலோமீட்டர், லிஃப்ட் ஸ்பான்ல 50ன்னு கட்டிப் போட்டார். அவர் எழுதினது சிலருக்குக் கசப்பாத்தான் இருந்திருக்கும். 2025 ஏப்ரல் 6-ல பாலம் திறந்தது.

காகிதத்துல நமக்குக் குறைச்சலே இல்லைங்க. இரும்புக் கட்டுமானம் நிறுத்துறப்போ பாதுகாப்புக்குன்னு ஐ.எஸ். 7205ன்னு ஒரு விதி 1974-லேயே வந்துடுச்சு. கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-ல வந்தது. ஆனா கீழ நிக்கிற ரிக்கர் கையை நீட்டினா க்ரேன் நிக்குமாங்கிறது எந்தக் காகிதத்துலயும் தீர்மானமாகிறது இல்லை.

பெரியப்பா ஒரு தடவை நீட்டினார். எந்த கம்பெனி, எந்த சைட்டுங்கிறது வேண்டாம். க்ரேனோட கால் ஊன்றியிருந்த இடம் சாம்பலும் மணலுமா நிரப்பின தரை. பீஸ் தரையை விட்டு ஒரு முழம் எழும்பினதும் அந்தக் கால் கொஞ்சம் அமுங்குறதை இவர் பார்த்துட்டார். கையைக் காட்டினார். ஆபரேட்டர் நிறுத்திட்டான். சைட் எஞ்சினியர் ஓடி வந்து, லிஃப்ட்டை நிறுத்த நீ யாருய்யான்னு கத்தி, ரெண்டு நாள் வேலைக்கு வராதேன்னு அனுப்பிட்டார். ரெண்டு நாள் கூலி போச்சு. பெரியம்மா வீட்டுல திட்டு வேற. மூணாவது நாள் போய்ப் பார்த்தா, க்ரேன் காலுக்கு அடியில ரயில்வே ஸ்லீப்பர் கட்டை அடுக்கி, அதுக்கு மேல இரும்புத் தகடு போட்டிருந்தாங்களாம். யாரும் ஒண்ணும் சொல்லலை. இவரும் கேக்கலை. போய் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கிட்டு வேலையைப் பார்த்தாராம்.

எண்ணூர் விபத்துக்கு மறுநாள் காலையில பார்த்தா பெரியப்பா பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு தூக்குக்குண்டு, துருப்பிடிச்ச ஷாக்கிள் ஒண்ணு, கயிறு போட்ட விசில். விசிலை ஊதிப் பார்த்தார், காத்துதான் வந்தது. உள்ளே இருந்த உருண்டை உடைஞ்சிருக்கு. "ஒண்ணு வாங்கியாடா"ன்னார். எதுக்குன்னு நான் கேக்கலை. மூலக்கடையில ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில கிடைச்சது.

ஒரு விஷயம் மக்களே. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா, ஆரியா அபீஸ் உங்க துறைமுகத்துலயும் இருக்கா, இல்லை வேற வார்த்தையான்னு சொல்லுங்க. பெரியப்பா கேக்கச் சொன்னார்.